பல மரம் கண்ட தச்சர்கள்

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த உரையை வாசிப்பவள் ஒருத்தி. எழுதியவர்கள் ஐந்து பேர். 1958இல் பாலர் வகுப்பில் சேர்ந்து, 1970களின் தொடக்கத்தில் வெளியேறிய வகுப்புத் தோழிகள் நாங்கள். மூன்று பேர் வெள்ளவத்தை, இரண்டு பேர் கொட்டாஞ்சேனை. ஆகையால் கடைசிவரை "நாங்கள்" என்றே சொல்லிக்கொண்டு போகிறோம். இதில் எது யாருக்கு நடந்தது, எதை யார் செய்தாள் என்று பிரித்துச் சொல்லப் போவதில்லை. பிரித்தால் தேநீர் நேரத்தில் சண்டை வரும்.

விழாக்குழு எங்களுக்குத் தந்த தலைப்பு "பல்துறை வாழ்வு". கேட்க நன்றாக இருக்கிறது. எங்கள் பாட்டிமார் இதற்கு வைத்திருந்த பெயர் வேறு. "பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்" என்பார்கள். நடனம் பழகினாள், அதை விட்டுவிட்டுப் படிப்பிக்கப் போனாள், அதையும் விட்டுவிட்டு முகாமிலே பருப்புக் காய்ச்சப் போனாள் என்று ஒரு பெண்ணைப் பற்றிக் கதைக்கும்போது இந்தப் பழமொழி தானாகவே வாயில் வந்துவிடும்.

அதே வீட்டுக் கூடத்தில் சுவாமி விபுலானந்தரின் படம் தொங்கும். காரைதீவில் பிறந்தவர். விஞ்ஞானப் பட்டதாரி. விஞ்ஞானம் படிப்பித்தார், மானிப்பாயில் அதிபராக இருந்தார், துறவு பூண்டார், இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளைக் கவனித்தார், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார், கணக்கும் இசையும் கலந்து யாழ் நூல் எழுதி 1947இல் வெளியிட்டார். அவரை எவரும் பல மரம் கண்ட தச்சன் என்று சொன்னதில்லை. முத்தமிழ் வித்தகர் என்றார்கள். சரியாகத்தான் சொன்னார்கள். ஆனால் அந்தக் கூடத்தில் ஆணுக்கு ஓர் அளவுகோலும் பெண்ணுக்கு ஓர் அளவுகோலும் இருந்தன என்பதை நாங்கள் பன்னிரண்டு வயதிலேயே கவனித்திருந்தோம்.

நடனத்திலிருந்து தொடங்குவோம். எங்களுக்கு எல்லாம் அங்கேதான் தொடங்கியது.

இப்போது வெள்ளவத்தையில் ஒரு ஒழுங்கைக்குள் நுழைந்தால் இரண்டு வீட்டுக்கு ஒரு வீட்டில் தட்டுக்கழிச் சத்தம் கேட்கும். எங்கள் அம்மாமாரின் சிறு வயதில் அப்படி இல்லை. யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களில் நாதஸ்வரமும் தவிலும் பெரியமேளம். ஆடவரும் பெண்களின் குழு சின்னமேளம். கோயில்களில் சின்னமேளம் வைப்பதை ஆறுமுக நாவலர் காலத்திலிருந்தே கண்டித்து வந்தார்கள். ஆகையால் "ஆட்டம்" என்ற சொல்லே நல்ல குடும்பத்துப் பிள்ளைக்கு ஆகாத சொல்லாக இருந்தது. எங்களில் ஒருத்தியின் அம்மம்மா, பேத்தியின் சலங்கையை அரிசிப் பெட்டிக்குள் ஒளித்து வைத்தவர்.

அந்த அம்மம்மாவின் மனத்தை மாற்றியது ஒரு பேச்சோ புத்தகமோ அல்ல. சென்னை அடையாற்றில் நடந்த ஒரு காரியத்தின் அலை மெல்ல மெல்லக் கொழும்புக்கு வந்து சேர்ந்தது. 1935 டிசம்பர் 30ஆம் திகதி, பிரம்மஞான சபையின் வைரவிழாவில் ருக்மிணி தேவி மேடையேறினார். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்றவர். அடுத்த ஆண்டே கலாக்ஷேத்திரத்துக்கு வித்திட்டார். இலங்கையிலிருந்தும் பெண்பிள்ளைகள் கப்பலேறிப் போய் அங்கே படித்துத் திரும்பினார்கள். எங்கள் காலம் வந்தபோது "கலாக்ஷேத்திரத்தில் படித்தவ" என்பது கலியாணப் பேச்சில் சேர்த்துச் சொல்லும் தகுதியாகவே ஆகிவிட்டது.

ருக்மிணி தேவியின் வாழ்க்கையையும் ஒரு நிமிடம் பாருங்கள். நடனத்தோடு அவர் நின்றாரா? கலாக்ஷேத்திரத்திலே நெசவுக்கூடம் வைத்தார். மரியா மொண்டிசூரி அம்மையார் 1939இல் அடையாறு வந்து ஆசிரியர்களைப் பயிற்றினார். அந்தக் கல்விமுறைக்கு இடம் கொடுத்தவர்களில் ருக்மிணி தேவியும் அவருடைய கணவரும் முக்கியமானவர்கள். 1952இல் இந்திய மாநிலங்களவைக்குப் போனார். வாயில்லாச் சீவன்களுக்காக அங்கே பேசினார். 1960இல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. 1977இல் ஜனாதிபதிப் பதவிக்கு நிற்கக் கேட்டபோது வேண்டாம் என்றார். இதிலே எந்த மரத்தை அவர் வெட்டவில்லை?

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்களைப் போன்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு நடனத்தால் மரியாதை வந்தபோது, அந்தக் கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வைத்திருந்த பெண்களுக்கு மரியாதை வரவில்லை. சென்னை மாகாணத்தில் 1947இல் தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டம் வந்தது. அந்த மரபில் வந்த பாலசரஸ்வதி, சிருங்காரத்தைக் கழுவித் துடைக்கத் தேவையில்லை என்று தன் ஆட்டத்தாலேயே கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் ஊர்ச் சின்னமேளப் பெண்களுக்கு அப்படிச் சொல்லவும் ஒரு மேடை கிடைக்கவில்லை. அவர்களின் பெயர்களை எந்த நூற்றாண்டு மலரிலும் நாங்கள் கண்டதில்லை. இதை மனத்தில் வைத்திருங்கள். பெயர் எழுதாமல் விடுவதைப் பற்றித்தான் கடைசியில் கேட்கப் போகிறோம்.

எங்கள் நடன வகுப்பு வெள்ளவத்தையில் ஆசிரியையின் வீட்டு முன்விறாந்தையில் நடந்தது. கடற்பக்க ஒழுங்கை. ரயில் போனால் ஜதி கேட்காது. ரயில் போகும்வரை அரைமண்டியிலேயே இருக்க வேண்டும். காலிக்குப் போகும் நீண்ட வண்டியை நாங்கள் எவ்வளவு திட்டியிருப்போம் என்று அந்த ரயிலுக்குத் தெரியாது. கொட்டாஞ்சேனைப் பிள்ளைகள் இரண்டு பேரும் கோட்டையில் இறங்கி பஸ் மாறி வருவார்கள். பிந்தினால் தட்டடவை மூன்று காலத்திலும் தனியாக ஆடிக் காட்ட வேண்டும்.

வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் அந்த வயதில் எங்களுக்கு இரண்டு நாடுகள். வெள்ளவத்தையில் பெரும்பாலும் அரசாங்க உத்தியோகக் குடும்பங்கள். அப்பா கந்தோருக்கு, அண்ணா ரியூஷனுக்கு, வெள்ளிக்கிழமை கோயிலுக்கு. கொட்டாஞ்சேனையில் கடைக்காரர், துறைமுகத் தொழிலாளர், மலையகத்திலிருந்து வந்தவர், பரதர், செட்டிமார், கத்தோலிக்கர், சைவர், முஸ்லிம்கள் எல்லோரும் ஒரே தெருவில். சாந்த லூசியா தேவாலய மணியும் பொன்னம்பலவாணேசர் கோயில் மணியும் ஒரே காற்றில் வரும். கொட்டாஞ்சேனைத் தோழிகள் மூன்று மொழியிலும் சண்டை பிடிப்பார்கள். நாங்கள் ஒன்றரை மொழியில் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்போம். பின்னாளில் அந்த மூன்று மொழி எவ்வளவு உதவியது என்பதைச் சொல்லத்தான் இதைச் சொல்கிறோம்.

நடனத்தில் நாங்கள் என்ன படித்தோம்? வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்குக் கேட்டால் அடவுகளின் பெயரும் அபிநயத்தின் வகையும் சொல்லுவோம். உண்மையில் படித்தது வேறு. கால் வலித்தாலும் முகத்தைக் குலைக்காமல் நிற்கப் படித்தோம். பக்கத்தில் இருப்பவளைத் திரும்பிப் பார்க்காமலே அவள் எங்கே நிற்கிறாள் என்று அறியப் படித்தோம். இருபது பிள்ளைகளை ஒரே கோட்டில் நிறுத்தப் படித்தோம். குரல் உயர்த்தாமல் கடைசி வரிசைக்குக் கேட்கச் சொல்லவும் படித்தோம். மேடையில் ஒருத்தி பிழை விட்டால் மற்றவர்கள் அதை மூடிக்கொண்டு ஆடவேண்டும் என்றும் படித்தோம். இவை எதற்கும் சான்றிதழ் தரவில்லை.

படிப்பிக்கப் போன கதையை அதிகம் நீட்டவில்லை. இந்த மண்டபத்தில் பாதிப்பேர் ஆசிரியைகள். எங்களில் நான்கு பேர் ஆசிரியைகளானோம். ஒருத்தி பயிற்சிக் கலாசாலைக்குப் போனாள். மற்றவர்கள் வேலையில் சேர்ந்த பிறகு பயின்றார்கள். இடமாற்றம் வரும், பெட்டியைக் கட்டுவோம். பிள்ளைப்பேறு வரும்; விடுப்பு எடுப்போம். கணவருக்கு இடமாற்றம் வந்தால் திரும்பவும் பெட்டி. ஒரு பாடசாலையில் எங்களில் ஒருத்தியிடம் நேராகவே சொன்னார்கள், "டான்ஸ் ரீச்சரை எப்படிப் பகுதித் தலைவியாக்குவது?" என்று. அவள் அந்த ஆண்டு கணிதமும் படிப்பித்துக்கொண்டிருந்தாள். பின்னத்தை விளங்காத பிள்ளைகளுக்குத் தகிட, தகதிமி, தகதகிட என்று மூன்று, நான்கு, ஐந்தைக் கையில் தட்டிக் காட்டி, ஒரே நேரத்துக்குள் எப்படி அடங்குகிறது என்று விளக்கினாள். அந்தப் பிள்ளைகள் தேறினார்கள். பகுதித் தலைமை வேறொருவருக்குப் போனது.

அதன் பிறகு 1983.

யூலை 25, திங்கட்கிழமை. இங்கே இருப்பவர்களுக்கு அந்த நாளைப் பற்றி நாங்கள் விவரிக்கத் தேவையில்லை; பிள்ளைகளுக்கு உங்கள் வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள், சொல்லாவிட்டால் கேளுங்கள். எங்கள் ஐந்து வீடுகளில் மூன்று எரிந்தன. நாங்கள் தொண்டர்களாக முகாமுக்குப் போகவில்லை. அகதிகளாகத்தான் போனோம். இரண்டு பேர் முதல் இரவு சிங்கள அயலவர் வீட்டு அறையில் ஒளிந்திருந்து, ஊரடங்கு தளர்ந்ததும் வந்து சேர்ந்தார்கள். பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி, இரத்மலானை இந்துக் கல்லூரி, இரத்மலானை விமான நிலையக் கொட்டகை என்று எங்கும் சனம். படுக்க இடமில்லை, முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தபடியே விடிந்தது.

முதலாம் நாள் எல்லோரும் அழுதோம். இரண்டாம் நாள் பார்த்தால் தண்ணீர்க் குழாயடியில் அடிபிடி. பலமுள்ளவன் வாளி நிரப்பினான். கர்ப்பிணி ஒருத்தி விழுந்தாள். அப்போது எங்களில் ஒருத்தி எழும்பிப் போய், வகுப்பில் சொல்வது போல, கையைத் தட்டி, "வரிசை" என்றாள். ஒரே ஒரு சொல். ஆச்சரியம் என்னவென்றால், அவ்வளவு பெரிய ஆண்களும் வரிசையில் நின்றார்கள். ஆசிரியை குரலுக்கு எந்த வயதிலும் மனிதர் பணிகிறார்கள்.

அங்கேயிருந்துதான் எல்லாம் ஒழுங்கானது. இடாப்பு எழுதத் தெரியும் என்பதால் இடாப்பு எழுதினோம்: பெயர், தகப்பன் பெயர், சொந்த ஊர், கடைசியாகப் பார்த்த உறவினர் யார், எங்கே. சோயாமீற்றும் பருப்பும் பாணும் வந்தபோது தலைக்கணக்கு எங்களிடம் இருந்தது. காங்கேசன்துறைக்குக் கப்பல் போகிறது என்று செய்தி வந்தபோது, ஊர் வாரியாக ஆட்களைப் பிரிக்கவும் அந்த இடாப்புத்தான் உதவியது. "லங்கா கல்யாணி" என்ற பெயர் எங்கள் தலைமுறைக்கு ஒரு சரக்குக் கப்பலின் பெயர் மட்டுமல்ல. வடக்கில் யாருமே இல்லாதவர்களை எந்த ஊர்ப் பட்டியலில் போடுவது என்ற கேள்வியும் அந்த இடாப்பில்தான் முதலில் எழுந்தது. மலையகக் குடும்பங்களும், கொழும்பிலேயே நாலு தலைமுறை இருந்த குடும்பங்களும் "எங்கள் ஊர் இதுதான்" என்றார்கள். அந்தப் பத்தியை வெறுமையாக விடாமல் "கொட்டாஞ்சேனை" என்று எழுதினோம்.

வெளியே போய்ச் சாமான் எடுத்துவர, இராணுவத்தினரோடு கதைக்க, மருந்துக்கடைக்காரரை இரவில் எழுப்ப, கொட்டாஞ்சேனைத் தோழிகளின் மூன்று மொழி வேலை செய்தது. பெண்களுக்கு மறைவில்லை என்றபோது மேடைத் திரைச்சீலையைக் கழற்றி மரத்துக்கு மரம் கட்டினோம். எரியாத வீட்டிலிருந்து ஒருத்தி கொண்டுவந்த துணிமூட்டைக்குள் அவளுடைய அரங்கேற்றப் பட்டுச்சேலை இருந்தது. அதைக் கிழித்து என்ன செய்தோம் என்று இந்தச் சபையில் சொல்லக் கூச்சமில்லை: மாதவிலக்கு வந்த பிள்ளைகளுக்குப் பட்டு உதவாது, ஆகவே அதை ஏணையாகக் கட்டினோம்; அதற்குள் இருந்த பருத்தி உள்பாவாடைகளைத்தான் கிழித்தோம். அந்த ஏணையில் தூங்கிய குழந்தைக்கு இப்போது நாற்பது வயது தாண்டிவிட்டது. நோர்வேயில் இருக்கிறாளாம்.

பிள்ளைகள் பேச மறுத்தார்கள். சில சிறுவர்கள் தீ என்ற சொல்லைக் கேட்டாலே நடுங்கினார்கள். மனநல ஆலோசனை என்ற சொல் அப்போது எங்களுக்குத் தெரியாது. வட்டமாக இருத்தி, மடியில் தாளம் தட்டச் சொன்னோம். ஒருவன் மூன்று தட்ட வேண்டும், அடுத்தவன் நான்கு, அடுத்தவள் ஐந்து, பிழைத்தால் தொடக்கத்திலிருந்து. மூன்றாம் நாள் ஒரு பையன் பிழைத்துவிட்டுச் சிரித்தான். அவனுடைய தாய் எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் நின்றாள்.

இதைச் சொல்வது எங்கள் பெருமைக்காக அல்ல. பாட்டிமாரின் பழமொழிக்கு எங்களிடம் இருக்கும் பதில் இதுதான். நடனம் ஒரு மரம், படிப்பித்தல் ஒரு மரம், தொண்டு ஒரு மரம் என்று நாங்கள் மரம் மாறவில்லை. உளி ஒன்றுதான். ஒரு விறாந்தையில் தீட்டிய உளி. காலம் எந்த மரத்தை முன்னால் போட்டதோ அதைச் செதுக்கினோம். எங்களைக் கேட்டா போட்டது?

எங்களோடு இது தொடங்கவுமில்லை. கனடாவிலிருந்து 1896இல் வந்த டொக்டர் மேரி இரத்தினம், தமிழரை மணந்திருந்த காரணத்தால் தன்னை அழைத்த மிஷனாலேயே ஏற்கப்படாதவர். கொழும்பில் தனியாக வைத்தியம் பார்த்தார். பாடசாலைகளுக்குச் சுகாதாரப் பாடநூல் எழுதினார். 1909இல் தமிழ் மகளிர் சங்கத்தை உருவாக்கியவர்களில் ஒருவரானார். அந்தச் சங்கத்தின் கலாலயத்தில் இசையும் நடனமும் பயின்றவர்கள் இந்த மண்டபத்திலேயே பலர் இருக்கிறீர்கள். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டார். 1930இல் லங்கா மகிளா சமித்தியைத் தொடங்கிக் கிராமங்களுக்குப் போனார். 1937இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதற் பெண் ஆனார். 1958இல் மக்சைசாய் விருது பெற்றார். வைத்தியர் என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாமா இவரை?

கொட்டாஞ்சேனைத் தோழிகள் மறக்க விடாத பெயர் நேசம் சரவணமுத்து. 1931இல் எங்கள் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது. அடுத்த ஆண்டே, கொழும்பு வடக்கில் கணவர் டொக்டர் இரத்தினசோதி சரவணமுத்துவின் பதவி தேர்தல் வழக்கில் பறிபோனபோது, அந்த இடத்துக்குத் தானே நின்று அரசாங்க சபைக்குள் போனார். 1934, 35இல் மலேரியா பரவிச் சுமார் 80,000 பேர் மாண்ட காலத்தில் நிவாரணப் பணியில் இறங்கினார். ஹட்டன் பக்கத்தில் மீனாட்சி அம்மாள் நடேசையர் இன்னொரு விதம்: பத்திரிகையில் எழுதினார், பாட்டு எழுதினார், தொழிலாளர் கூட்டங்களில் அவரே பாடினார். கூட்டத்துக்கு ஆள் சேர்த்தது பேச்சா பாட்டா என்று யார் பிரித்துச் சொல்வது? வெள்ளவத்தையில் சைவ மங்கையர் கழகத்துப் பெண்கள் 1930களில் பள்ளிக்கூடம் நடத்தத் தொடங்கியபோது, அவர்களும் பாடத் தெரிந்தவர்கள், சமைக்கத் தெரிந்தவர்கள், கணக்கெழுதத் தெரிந்தவர்கள். எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்தார்கள்.

இவர்களில் சிலரை நாங்கள் அறிந்திருப்பது யாரோ ஒருவர் எழுதி வைத்ததால்தான். மேரி இரத்தினத்தைப் பற்றிக் குமாரி ஜயவர்தன 1993இல் ஒரு நூல் எழுதினார். அதை வாசிக்கும்வரை எங்களில் மூன்று பேருக்கு அந்தப் பெயரே தெரியாது.

பிந்திய காலத்தைச் சுருக்கமாகச் சொல்கிறோம். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு கிழக்கே லொறியில் சாமான் அனுப்பினோம். 2009இல் வவுனியா முகாம்களுக்கு உடுப்புச் சேர்த்தோம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு, கொச்சிக்கடை அந்தோனியார் கோயில். கொட்டாஞ்சேனையில் ஒவ்வொரு ஒழுங்கையிலும் சாவீடு. 2022இல் காஸ் இல்லை, பால்மா இல்லை என்ற நாட்களில் விறகடுப்பு மூட்டிப் பொதுவாகச் சமைத்தார்கள்; அதற்கு முன்னின்றவர்களில் எங்களுக்குப் பத்து வருடம் இளைய தங்கைமார் இருந்தார்கள். வெளிநாட்டுச் சகோதரிகள் பனியில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய்ச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி நடத்தியதும் இதே வரிசையில் வரவேண்டும்.

தொண்டிலும் எல்லாம் அழகாக இருக்கவில்லை. வெள்ளவத்தையில் சேர்த்த மூட்டை ஒன்றைக் கொட்டாஞ்சேனைத் தாய் ஒருத்தி அவிழ்த்துப் பார்த்து, கிழிந்த சேலைகளை மட்டும் அழகாக மடித்துத் திருப்பித் தந்தாள். "பிள்ளை, இது உங்கட வீட்டுத் தரை துடைக்க உதவும்" என்றாள். அன்றிலிருந்து நாங்கள் உடுத்திக்கொண்டு கோயிலுக்குப் போகக்கூடிய துணி என்றால் மட்டுமே மூட்டைக்குள் போடலாம் என்று விதி வைத்திருக்கிறோம். அந்த விதி நமது சங்கத்தின் குறிப்பேட்டில் இருக்கிறது. அதைச் சொல்லித்தந்த தாயின் பெயர் இல்லை.

இனிக் கேட்க வந்ததைக் கேட்கிறோம்.

இந்த மலருக்காகத் தகவற் படிவங்களைத் தொகுக்கும் வேலை எங்களிடம் வந்தது. பெயர், படித்த ஆண்டுகள், முகவரி, தொழில். தொழிலுக்கு ஒரே ஒரு வரி. இரண்டு அங்குலம் இருக்கும். நிரம்பி வந்தவற்றில் மிகக் கூடுதலாக எழுதப்பட்ட சொல் "இல்லத்தரசி". அடுத்தது "ஓய்வுபெற்ற ஆசிரியை". ஒரு அக்கா "ஒன்றுமில்லை" என்று எழுதியிருந்தார். அவரை எங்களுக்குத் தெரியும். கொட்டாஞ்சேனையில் முப்பது வருடமாகத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் மாலை வகுப்பு நடத்தியவர். கையெழுத்துப் போடத் தெரியாத பெண்களுக்கு வங்கிப் படிவம் நிரப்பிக் கொடுத்தவர். நத்தாருக்கும் தைப்பொங்கலுக்கும் அந்தப் பிள்ளைகளுக்கு நடனம் பழக்கி மேடையேற்றியவர். ஒன்றுமில்லையாம்.

மரண அறிவித்தல்களைப் பாருங்கள். இன்னாரின் அன்பு மனைவியும், இன்னாரின் பாசமிகு தாயாரும், இன்னாரின் மாமியாரும், இன்னாரின் பேர்த்தியாருமான என்று வரிசையாக வருகிறது. உறவு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஐந்து வரி உறவுக்குப் பிறகு, அந்தப் பெண் எண்பது வருடம் என்ன செய்தாள் என்று அரை வரியும் இருப்பதில்லை. எங்கள் வகுப்பில் பதினொரு பேர் போய்விட்டார்கள். பதினொரு அறிவித்தல்களையும் வெட்டி வைத்திருக்கிறோம். அவற்றில் ஒன்றிலாவது முகாமைப் பற்றி ஒரு சொல் இல்லை.

சங்கத்திடம் பழைய ஏடுகளும் இல்லை. 1983இல் அப்போதைய செயலாளரின் வீட்டோடு கூட்டக்குறிப்புப் புத்தகங்கள் மூன்றும் எரிந்தன. அதற்கு முந்திய அறுபது வருடக் கதை இப்போது சிலருடைய தலைக்குள் மட்டும் இருக்கிறது. அந்தச் சிலர் இந்த மண்டபத்தில் இரண்டாம் வரிசையில், மின்விசிறிக்கு நேரே இருக்கிறார்கள். மூத்தவருக்குத் தொண்ணூற்றி நான்கு.

ஆகவே செயற்குழு ஒப்புக்கொண்டபடி, படிவத்திலிருந்து அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு முழுப் பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறோம். வரும் மாதம் முதல், முதலாம் சனிக்கிழமை வெள்ளவத்தையிலும் மூன்றாம் சனிக்கிழமை கொட்டாஞ்சேனையிலும் பின்னேரம் நான்கு மணிக்குக் கூடுகிறோம். இடம் சுற்றறிக்கையில் வரும். பத்தாம், பதினோராம் ஆண்டுப் பிள்ளைகள் எட்டுப் பேர் எழுத முன்வந்திருக்கிறார்கள். அவர்களின் கையெழுத்து எங்களுடையதைவிட வடிவு. நடக்க முடியாதவர்களிடம் நாங்களே வீட்டுக்கு வருவோம். வெளிநாட்டில் இருப்பவர்கள் வட்ஸ்அப்பில் குரலாக அனுப்பலாம். ஒரே மூச்சில் சொல்லத் தேவையில்லை. பழைய படங்கள் இருந்தால் பின்பக்கத்தில் பென்சிலால் பெயரை எழுதி அனுப்புங்கள். படத்தில் இருப்பவர்களில் தாதிமார், சமையற்காரர், வாயில் காப்பாளர் இருந்தால் அவர்களின் பெயரையும்.

ஒரு சிக்கல் வரும் என்று எங்களுக்கு இப்போதே தெரியும். "நான் அப்பிடிப் பெரிசா ஒண்டும் செய்யேல்லைப் பிள்ளை" என்றுதான் எல்லோரும் தொடங்குவீர்கள். அப்படித் தொடங்குபவர்களுக்கு முதலில் தேநீர் தருவதாகவும், இரண்டாவது கோப்பைக்குப் பிறகுதான் கொப்பியைத் திறப்பதாகவும் பிள்ளைகளோடு பேசி வைத்திருக்கிறோம்.